கம்பெனிப் பையன்களும் குப்பத்துப் பிள்ளைகளும்

கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே லூப் ரோட்டில் இறங்கினால் நொச்சிக்குப்பம். கிழக்கே படகும் வலையும், மேற்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நாடகம் போடவும் கதை சொல்லவும் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வேலைக்கு எனக்கு முன்னோடிகள் யார் என்று தேடப் போனபோது முதலில் கண்ணில் பட்டது கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலைதான். மெரினாவின் வடகோடியில் எம்.ஜி.ஆர். நினைவிடம். ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் இடத்தில் 2006 முதல் 2017 வரை சிவாஜி கணேசன் சிலை இருந்தது. பிறகு அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. இருவரும் நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுக்கு முன்பே நாடகம் படித்தவர்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்த வரலாற்றை எழுதப் புகுந்தால் பள்ளிக்கூடத்தில் தொடங்க முடியாது. பையன்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனியில்தான் தொடங்க வேண்டும்.

அதற்குக் காரணம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் காலத்துப் பெரிய நடிகர்கள் 'ஸ்பெஷல்' நாடகத்துக்கு ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்குவதே நாடகம் என்றாகிவிட்டது. எழுதிய பாடத்தை எழுதியபடி சொல்ல ஆள் வேண்டுமென்றால் சின்னப் பிள்ளைகளைத்தான் பழக்க வேண்டும். 1918இல் அவரை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. அதில் அண்ணன்களோடு சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்று அவர் எழுதிய புத்தகம் இந்த வேலைக்கு வருகிற எவரும் படிக்க வேண்டியது. சண்முகத்துக்காகவே ஒரே இரவில் சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தார் என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் குரலையும் திறமையையும் அளந்து பார்த்து அதற்கேற்ற நாடகத்தை எழுதியிருக்கிறார். நான் பலமுறை திரும்பிப் படித்த இடம் அது.

கம்பெனி வாழ்க்கை கொடியது. அதை மறைத்துப் பேசக்கூடாது. வீட்டில் சோறில்லாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் வந்தார்கள். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் அப்படித்தான் போனார்கள். ராத்திரியெல்லாம் நாடகம், பகலில் பாடம், தவறினால் அடி. ஊர்விட்டு ஊர் போகும் பிள்ளைக்கு அம்மாவைப் பார்ப்பதே அபூர்வம். இன்றைய சட்டம் அதைக் குழந்தை உழைப்பு என்றுதான் சொல்லும். சரியாகவே சொல்லும்.

ஆனால் அங்கே பயிற்சி இருந்தது. மைக் இல்லாத கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரன் காதுவரை வார்த்தை போய்ச் சேர வேண்டும். வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லும். மூச்சு எங்கே, நிறுத்தம் எங்கே என்பது அப்படியே உடம்பில் ஏறும். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் வேஷம் கட்டியாக வேண்டும். ஆகவே பக்கத்துப் பையனின் பாடமும் காதில் விழுந்து மனதில் தங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனிகள் எல்லாவற்றையும்விட அஞ்சியது மகரக்கட்டுக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையனின் குரல் உடைவதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை பாட்டுப் பாடிக் கைதட்டல் வாங்கிய ஸ்திரீபார்ட் (பெண் வேஷக்காரன்) ஒரே மாதத்தில் வேஷமில்லாமல் நிற்பான். சிலர் சின்ன வேஷங்களில் காலத்தை ஓட்டிக் குரல் நிலைத்ததும் ராஜபார்ட்டாக, அதாவது நாயகனாக, திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. எங்கள் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பில் ஓயாமல் கதை சொன்ன பையன் எட்டாம் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டான். சொந்தக் குரலே அவனுக்குக் கூச்சமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பெனி வாத்தியார்களுக்கு அது தொழில் விஷயமாகவே தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் நான் அவனுக்கு வசனம் கொடுப்பதில்லை. வலை இழுக்கிறவன், ஊமை, காவல்காரன் என்று உடம்பால் செய்யும் வேஷம் கொடுப்பேன். குரல் நிலைத்ததும் அவனே வசனம் கேட்டு வருவான்.

பெண் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் இடமே இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து நடத்திய கம்பெனி போன்றவை விதிவிலக்கு. நொச்சிக்குப்பத்திலோ எங்கள் வலுவான குரல்கள் பெண் பிள்ளைகளுடையவை. அம்மாவும் ஆயாவும் அலைச் சத்தத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் மேலே விலை கூவுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். குரலை வீச அவர்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. குரலைத் தாழ்த்தவும், தாழ்த்தியும் கேட்க வைக்கவும்தான் சொல்லித்தருகிறேன்.

சென்னைப் பள்ளிக்கூடங்கள் வேறு வழியில் வந்தன. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறலாம் என்ற மதிப்பைக் கொடுத்தது. அதன் சாயலில்தான் பள்ளி ஆண்டு விழா நாடகம் வந்தது என்று நினைக்கிறேன். மதிப்பு வந்தது, வாத்தியார் வரவில்லை. நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளைப் பொறுக்கி, இரண்டு வாரம் ஒத்திகை பார்த்து, கட்டபொம்மன் வசனம் பேச வைத்தால் முடிந்தது.

இடையில் வானொலி ஒரு நல்ல காரியம் செய்தது. சென்னை வானொலி நிலையம் குப்பத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில், இதே காமராஜர் சாலையில் இருக்கிறது. அங்கே கூத்தபிரான் 'வானொலி அண்ணா'வாக இருந்து பிள்ளைகளைப் பேசவும் நடிக்கவும் வைத்தார். முகம் தெரியாமல் குரலால் மட்டும் ஓர் ஆளை உண்டாக்க வேண்டும் என்பது பெரிய பயிற்சி.

பிள்ளை தன் சொந்தச் சொல்லில் நாடகம் செய்யலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது 1970களின் கடைசியில். 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பட்டறை நடந்தது. அதில் முன்நின்ற பேராசிரியர் சே. இராமானுஜம் குழந்தைகள் நாடகத்திலும் அக்கறை கொண்டிருந்தவர். அதே ஆண்டு சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். ஈழத்து நாடக ஆசிரியர் மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். புதுச்சேரியில் வேலு சரவணனின் ஆழி குழு 'கடல் பூத'த்தைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தையும் முறையாகக் கற்றுக்கொடுத்தது. ஆண், பெண் இருபாலருக்கும் கற்றுக்கொடுத்தது. கம்பெனியின் கண்டிப்பான பயிற்சியும் பிள்ளையின் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அதுதான். 2020இல் அது மூடப்பட்டது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கம்பெனிப் பயிற்சி, பிள்ளையின் சொந்தச் சொல் என்ற இந்த இரண்டு வழிகளும் எங்கள் வகுப்பில் எப்படிச் சேர்கின்றன என்று சொல்கிறேன். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது குப்பத்து மக்கள் சாலையை மறித்தார்கள். புது மீன் அங்காடி 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. பிள்ளைகள் அதை நாடகமாகச் செய்ய விரும்பினார்கள். எல்லோருக்கும் மறியல் செய்ய ஆசை; அதிகாரி வேஷத்துக்கு ஆளில்லை. அங்கேதான் கம்பெனி வழக்கம் கைகொடுத்தது: எல்லோரும் எல்லோருடைய பாடத்தையும் படிக்க வேண்டும், முறை வைத்து வேஷம் மாற வேண்டும். தன் அம்மாவாக நடித்த ஏழாம் வகுப்புப் பெண், மறுநாள் அதிகாரியாக நின்று, "மிஸ், இந்தாளுக்கு மேல ஒருத்தரு இருப்பாரு இல்ல? அவரு போன்ல திட்டுற மாதிரி ஒரு சீன் வேணும்" என்றாள். அந்தக் காட்சி நாடகத்தில் சேர்ந்தது.

சுனாமிக் கதையும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26க்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளைகள், "தண்ணி உள்ள போச்சு, தரை தெரிஞ்சுது" என்று பார்த்தது போலவே சொல்வார்கள். ஆயா சொன்ன இடத்தில் நிறுத்தி, ஆயா கையாட்டிய மாதிரி கையாட்டுவார்கள். எந்த நிறுத்தத்தில் கேட்பவர் மூச்சைப் பிடிக்கிறார் என்று அவர்களையே கவனிக்கச் சொல்வேன். கதை சொல்வதில் அதற்கு மேல் பெரிய பாடம் கிடையாது.

சோற்றுக்காகக் கம்பெனிக்குப் போன பையன் முதலமைச்சராகி 1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். இப்போது தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. பசிக்காகப் பிள்ளை ஊர்விட்டுப் போக வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்த இன்னொன்று, அந்தப் பயிற்சி, இன்னும் பள்ளிக்கு வந்து சேரவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. ஆண்டு முழுவதும் சொல்லித்தர ஆளிருக்கும் பள்ளிதான் போட்டியில் நிற்கும்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012இல் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள்: ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்வி. சட்டத்தில் உள்ள சொல் கலைக் கல்வி என்பதுதான். நாடகமும் அதற்குள் வரும். அடுத்த நியமனத்தில் நாடகத்துக்கும் ஆள் எடுக்க வேண்டும், அவர்களுக்குப் பிழைக்கும்படியான சம்பளம் கொடுக்க வேண்டும். கூத்துப் படித்தவர்கள், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் ஊர் ஊராய் நடித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அறுபது வயதாகிவிட்டது.