வளைவில் தெரியும் குணம்: கடலூர்–சிதம்பரம் சாலையும் தமிழ்நாட்டுச் சிறு கார்களும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஓடும் சாலையில் மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை; ஆயினும் ஒரு காரின் அடிப்பாகம் எத்தனை கவனத்தோடு வடிவமைக்கப்பட்டது என்பதை இச்சமவெளி வெகு விரைவில் காட்டிக்கொடுத்துவிடும். ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த களிமண் மழையில் ஊறி உப்பியும் கோடையில் வெடித்துச் சுருங்கியும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், அதன்மேல் போடப்படும் தார்ப்பரப்பு சில ஆண்டுகளிலேயே மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயிலை நோக்கி வீராணம் ஏரிக்கரையின்மீது செல்லும் சாலை, கரை வளைந்த இடமெல்லாம் தானும் வளைகிறது. அறுவடைக் காலத்தில் சாலையின் ஓரத்தில் நெல் காய்கிறது. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் விளக்கின்றி முன்னே செல்கின்றன. இத்தகைய நிலத்தில் எஞ்சின் தரும் வேகத்தைவிட, திருப்பியதும் திரும்பி, மிதித்ததும் நின்று, குழியில் இறங்கினாலும் திசை மாறாமல் எழும் பண்பே ஓட்டுநருக்கு முதலில் தேவைப்படுகிறது. கையாளுமை என்று சொல்லப்படுவது இதுதான். நடுத்தர வருவாயினர் வாங்கக்கூடிய சிறு கார்களில் இப்பண்பு எப்போது வந்தது, ஏன் போயிற்று, எவ்வாறு மீண்டது என்ற வரலாறு, சென்னையிலிருந்து தெற்கே திண்டிவனம் வழியாகக் கடலூரை நோக்கி வரும் அதே பெருஞ்சாலையின் ஓரத்திலேயே பெரும்பாலும் நிகழ்ந்திருக்கிறது.

1953இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரையை ஏற்று, உதிரிபாகங்களை இறக்கிப் பூட்டுவதோடு நில்லாமல் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கு மட்டுமே இந்திய அரசு இடமளித்தது. அவற்றுள் ஒன்று, 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டு வண்டலூரில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. கல்கத்தாவின் அம்பாசடரும் பம்பாயின் ஃபியட்டும் குடும்பத்தோடு மூட்டை முடிச்சையும் சுமக்கவே செய்யப்பட்டவை. வண்டலூர் ஆலை 1961இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு இனம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலும் 948 சி.சி. எஞ்சினும் கொண்ட இக்காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான், பிரிட்டனில் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் கார் உருவாக்கப்பட்டது. ஆகவே, அன்றைய மருத்துவரோ வழக்கறிஞரோ வாங்கிய இந்தக் கார், தோற்றத்தில் அடக்கமான குடும்பக் காராயினும் பிறப்பில் பந்தயக் குணமுடையது என்றே கொள்ள வேண்டும்.

ஸ்டியரிங் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பல் வெட்டிய சட்டத்தை நேரடியாக இடவலமாக நகர்த்தும் 'ரேக் அண்ட் பினியன்' முறை ஹெரால்டில் இருந்ததால், சக்கரங்கள் செய்வது ஓட்டுநரின் கைக்கு உடனே தெரிந்தது. முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பக்கூடியவை என்பதால் ஏறக்குறைய 25 அடி விட்டத்துக்குள் கார் முழு வட்டம் அடித்துவிடும்; சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளைப் போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேறு கார் அக்காலத்தில் இந்தியாவில் செய்யப்படவில்லை. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு இதன் இன்னொரு சிறப்பு. இரு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்த அம்பாசடரில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறு சக்கரமும் சாய்ந்து கொடுக்கும். ஹெரால்டிலோ குழி கண்ட சக்கரம் மட்டுமே தாழ்ந்து எழும்.

ஆனால் அந்தப் பின்புற அமைப்பில் ஓர் அபாயமும் அடங்கியிருந்தது. 'ஸ்விங் ஆக்சில்' எனப்பட்ட அவ்வமைப்பில், நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பெட்டியை ஒட்டிய மூட்டிலிருந்து ஒவ்வோர் அரைத்தண்டும் ஊசலாடும். வேகமாகச் சென்ற வளைவில் ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பாகம் மேலெழ, வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடிந்து பிடிமானத்தைத் திடீரென இழக்கும். முன்பகுதி திரும்பிய அளவைக் காட்டிலும் பின்பகுதி மிகுதியாக வீசிச் சுழலும் இந்நிலைக்கு 'ஓவர்ஸ்டியர்' என்று பெயர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சீராக ஆக்சிலரேட்டரை மிதித்துச் செல்ல வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஹெரால்டு தன் ஓட்டுநர்களிடம் கட்டாயமாகக் கேட்டது.

1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஓடின. இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டிருந்த அந்தக் காலத்தில் பந்தயக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் கையில் கிடைத்தது உள்நாட்டுக் காரே ஆதலால், எடையைக் குறைப்பதும் கார்புரேட்டரை மாற்றுவதும் ஸ்பிரிங்கை இறுக்குவதும் ஒரு தனிக் கலையாகவே தமிழ்நாட்டில் வளர்ந்தன. இந்தியக் கார்ப் பந்தயத்தின் தலைநகராகத் தமிழ்நாடு பின்னாளில் உருவானதற்கு இப்பட்டறை அறிவே அடித்தளம்.

இந்திய ஹெரால்டு பின்னர் நான்கு கதவுகளும் பெற்றது. 1972இல் அதன் வாரிசாக வந்த கெஸல், ஊசலாடும் அரைத்தண்டுகளைக் கைவிட்டுப் பழைய ஒற்றைத் தண்டுக்கே திரும்பியது. நான்கு பேருக்கான காரில் ஏழு பேர் ஏறும் நாட்டில், பாரம் அழுத்தப் பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும் ஓர் அமைப்பைக் காப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் குறையைத் திருத்துவதற்குப் பதிலாகக் குணத்தையே களைந்த முடிவு அது என்பதில் ஐயமில்லை. கெஸலின் உற்பத்தியும் சில ஆண்டுகளில் நின்றது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முன்சக்கரங்களை எஞ்சின் இழுக்கும் அமைப்பையும் 796 சி.சி. எஞ்சினையும் மிகக் குறைந்த எடையையும் கொண்டிருந்தது. வளைவில் வேகம் மிகும்போது பின்பாகம் வீசாமல் முன்பாகமே நேரே வழுக்க முயலும் 'அண்டர்ஸ்டியர்' இதன் இயல்பு. வேகத்தைக் குறைத்தாலே அது அடங்கிவிடும் ஆதலால், ஈரத் தாரில் புதிய ஓட்டுநருக்கு இது பாதுகாப்பானது. அந்த எஞ்சினைக் கொண்டே 1988இல் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி என்னும் ஓரிருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. அத்தடத்தில் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

சாலைக் காருக்கு அந்தக் கையாளுமைக் குணம் மீண்டது 1999இல், வண்டலூருக்குச் சற்றுத் தெற்கே அதே பெருஞ்சாலையிலுள்ள மறைமலைநகரில், ஃபோர்டு ஐகான் வெளிவந்தபோது. ஐரோப்பிய ஃபியெஸ்டாவின் அடிப்பாகத்தின்மீது இந்தியாவை முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்ட இக்காரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பலர் புகழ்ந்தனர். மெய்யான பெருமை சஸ்பென்ஷனுக்கே உரியது: பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் ஆடாதபடி அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் சரியான அளவில் இறுக்கப்பட்டிருந்ததால், அலையலையான சாலையிலும் சக்கரம் தரையை விடவில்லை.

2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. என்ற வரம்பும் உடைய கார்களுக்குக் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. மலிவான விளையாட்டுக் கார் என்ற இனத்தின் போக்கை இந்த ஒரு வரி வரம்பே மாற்றியது: 1.6 லிட்டர் எஞ்சின்கள் சிறு கார்களிலிருந்து மறைய, சிறிய எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி ஆற்றலைப் பெருக்கும் டர்போ முறைக்கு இடம் பிறந்தது. 2010இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஃபிகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய 71 குதிரைத்திறனே தந்தது. இருந்தும் அதன் ஸ்டியரிங்கும் அடிப்பாகமும் தன்னைவிட விலை கூடிய பல கார்களைப் பின்தள்ளின. குதிரைத்திறனும் கையாளுமையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியச் சந்தையில் இல்லை. 2022 ஜூலையில் மறைமலைநகரில் ஃபோர்டின் கார் உற்பத்தி நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டில், பந்தயத் தடம் அமைந்த அதே இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆலையிலிருந்து ஐ20 என் லைன் வெளிவந்தது. 998 சி.சி. டர்போ எஞ்சினில் 120 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன் என அது முன்வைத்தவை அனைத்தும் வரி வரம்புக்குள் அடங்கியவை.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை கடலூரையும் சிதம்பரத்தையும் புறவழியாகக் கடக்கும்போது, பழைய சாலையின் சோதனை பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இல்லாமலாகும். ஹெரால்டின் பின்தண்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பட்டறைத் தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. 1929 முதல் இப்பகுதியின் கல்விக்குத் துணைநிற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம், அம்மூத்த மெக்கானிக்குகளின் நினைவுகளையும் செய்முறைகளையும் அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவாகவும் வரைபடமாகவும் தொகுக்க முன்வர வேண்டும்.