பெரிய கோயிலின் முன் ஒரு கேமரா

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து பேசுகிறேன். இந்நகரின் அரண்மனை 1944 குண்டுவீச்சில் எரிந்து, பிறகு பழைய வெளித்தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. கட்டடம் அழிந்தாலும் அதன் உருவம் எங்காவது பதிவாகி இருக்க வேண்டும் என்பதை இங்கே எளிதாகப் புரிந்துகொள்ளலாம். அப்படி நம் ஊர்களைப் பதிவுசெய்த ஒருவரைப் பற்றியே இன்றைய உரை.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தார். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இத்தாலியிலிருந்து சென்ற பியத்ரோ மருபி அல்பேனியாவின் ஷ்கோதர் நகரில் படநிலையம் தொடங்கினார். ஒளிப்படக்கலை அப்போது உலகின் பல மூலைகளுக்கும் ஒரே நேரத்தில் பயணப்பட்டுக்கொண்டிருந்தது.

1857 டிசம்பரில் டிரைப் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் ஓயாத நேரம். திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று பயணம் நீண்டது. மெழுகில் தோய்த்த தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் நீண்ட பயணத்துக்கு அது தோதானது. ஆனால் ஒளி பதிய நேரமெடுக்கும். அசைபவர்கள் மங்கிவிடுவார்கள் அல்லது மறைந்தே போவார்கள். வெறுமையாகத் தெரிந்த வானத்தில், நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். ஆகவே அவருடைய மதுரையில் மேகம் இருக்கிறது, மக்கள் அதிகம் இல்லை. ஆளற்ற அந்தத் தெருக்களைப் பார்த்து, அந்த ஊர் அப்படித்தான் இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

அவருடைய பெருஞ்சாதனை தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். அதில் உள்ளதை அவரால் படிக்க முடியாது. ஆனாலும் எழுத்து விடுபடாமல் எடுக்க வேண்டும் என்று நினைத்தார்.

அந்தக் கல்வெட்டுகளைப் படித்து, கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்று உறுதிப்படுத்தியவர் ஒரு ஜெர்மானியர்: டிரெஸ்டனில் பிறந்த ஓய்கன் ஹூல்ட்ஸ். அவர் பிறந்ததும் 1857இல்தான். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளரானார். கேமராவுக்கும் வாசிப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறை.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இந்த வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தச் சொன்னார். 1860க்குள் எல்லாம் கலைக்கப்பட்டது. அதன்பின் டிரைப் பெரும்பாலும் கேமராவைத் தொடவில்லை. 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் சி. அய்யாசாமி என்ற தமிழரின் பெயர் பதிவாகியுள்ளது. பின்னாளில் அவரும் ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். பெட்டிகளைச் சுமந்தவர்கள், வண்டியோட்டியவர்கள், தண்ணீர் கொண்டுவந்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள்.

இன்று டிரைப்பின் படங்களைப் பார்க்க லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்துக்கோ விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். தஞ்சையில் இருப்பவரைவிட ஐரோப்பாவில் இருக்கும் நமக்கு அது பக்கம். காலனிய ஆட்சி தன் உடைமையைக் கணக்கெடுக்க எடுத்த படங்கள்தான் அவை; மறுக்கவில்லை. ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, யார் எடுத்த பிரதியாக இருந்தாலும் பிரதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த படங்களின் பின்புறத்தில், அதில் இருப்பவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் இந்த வாரமே எழுதிவையுங்கள். படமெடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.