மேல்விலாசமும் உள்ளடக்கமும்

மலைநாட்டுத் தேயிலை கப்பலேறத் தொடங்கிய காலத்தில், கொழும்புக்கு இறங்கிய மரப்பெட்டிகளின் பலகையில் தோட்டத்தின் பெயரும், தேயிலையின் தரமும், பெட்டியின் எண்ணும், நிறையும் மையால் பொறிக்கப்பட்டிருந்தன. உள்ளே ஈயத் தகடு சுற்றியிருந்தது. தேயிலை அண்டை வாசனையை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் பட்டாலும் கெடும். ஆதலின் பெட்டிக்கு வரக்கூடிய கேடுகள் இரண்டு. பொறிப்புச் சரியாக இருக்க, உள்ளிருக்கும் சரக்குக் கெட்டுப்போவது ஒன்று. சரக்கு குன்றாதிருக்க, பொறிப்பு அழிந்தோ மாறியோ போவது மற்றொன்று. முதலாவதற்கு மருந்தில்லை, அந்தத் தேயிலை போனது போனதுதான். இரண்டாவதற்கு மருந்துண்டு, பெட்டியைத் திறந்து சுவைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் போதும். வணிகர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்லை.

இன்று மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பப்படும் இணைப்புகள் மறுமுனையில் திறக்க மறுக்கும்போதும், பெயர் தெரியாத கோப்பாக வந்து கிடக்கும்போதும் நேர்வது இவ்விரண்டில் ஒன்றே. ஆனால் பெறுபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் “கெட்டுவிட்டது” என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றனர். கெடாததையும் கெட்டதென்று எறிந்துவிடும் வழக்கம் இதனால் வந்தது.

மேல்விலாசம் பிழைபட்டால் என்ன நேரும் என்பதை மலைநாட்டார் மின்னஞ்சலுக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பிப் பயிர் அழிந்ததும், 1884-இல் அட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் இருப்புப்பாதை ஏறியதும் யாவரும் அறிந்தவை. அப்பாதையில் மேலே ஏறியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தகரச் சீட்டு முறை வந்தது. சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகரவில்லை ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. வழிநெடுக உள்ள அதிகாரிகள் ஆளின் ஊரையோ பெயரையோ கேட்கவேண்டியதில்லை. வில்லையைப் பார்த்தால் போதும். மனிதனையே பெட்டியாகக் கருதி மேற்சீட்டு ஒட்டிய ஏற்பாடு இது. நிருவாகத்துக்கு வசதியானதென்று அக்காலத்தில் புகழப்பட்டது. வில்லையைத் தாங்கியவருக்கு அது எவ்வாறிருந்தது என்று எழுதிவைத்தவர் அரிது.

தோட்டங்களுக்கு வந்த கடிதங்களின் கதை இன்னும் சிக்கலானது. நகரத்து அஞ்சலகத்திலிருந்து பையைச் சுமந்துவரத் தோட்டத்துக்கென்று ஒரு தபால்காரர் இருந்தார். பை துரையின் அலுவலகத்தில் திறக்கப்படும். அங்கிருந்து கடிதம் கணக்கப்பிள்ளை, கங்காணி என்று கைமாறி லயத்துக்கு வரும். லயத்துக் காம்பிராவுக்குக் கதவெண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. ஒரே தோட்டத்தில் இராமசாமிகள் நால்வரும் மாரியாயிகள் அறுவரும் இருந்தால், கடிதம் யாருக்கென்று முடிவுசெய்வது கங்காணியின் நினைவாற்றலைப் பொறுத்தது.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. தோட்டங்களுக்கு இரட்டைப் பெயர் உண்டு. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். தொழிலாளர்கள் தமக்கென்று வேறு தமிழ்ப் பெயர் வழங்கினர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாய் எழுதுவிக்கும் கடிதத்தில் தமிழ்ப் பெயரே இருக்கும். அஞ்சல் அலுவலரின் ஏட்டில் ஆங்கிலப் பெயரே இருக்கும். இக்காரணத்தால்தான் அந்நாளைய தோட்ட விவரக் கோவைகளில் ஆங்கிலப் பெயருக்கு எதிரே தமிழ்ப் பெயரையும் அச்சிட்டனர். இரண்டு முறைமைகளுக்கிடையே பொருள் மாறாமல் கடத்துவதற்கு இப்படியொரு பெயர்ப்பட்டியல் வேண்டும்; அது இல்லாதவிடத்துக் கடிதம் கெடாமலே தொலையும்.

தந்தியோ எனில், உரோம எழுத்திலன்றிச் செல்லாது. லகர ளகர ழகர வேறுபாடு கம்பியில் ஏறும்போதே உதிர்ந்துவிடும். னகர ணகரமும் அப்படியே. தோட்டத்து எழுதுவினைஞர் காதால் கேட்ட பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். பிறப்புப் பதிவாளர் வேறுவிதமாக எழுதினார். பேர்ப்பதிவு ஏட்டில் மூன்றாவது வடிவம் நின்றது. வேலைக்குப் பேர்போடுகிற நாளில் இதனால் தீங்கில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனை அடுத்து 1949-இல் வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும் ஏட்டைக் கொண்டே ஆளை நிறுவச் சொன்னபோதுதான் தீங்கு தெரிந்தது. தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டவேண்டும். சான்றுகளிலுள்ள பெயரோ ஒன்றோடொன்று பொருந்தாது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். இவ்வளவு பெரிய இழப்புக்கு எழுத்துப்பிழை மட்டும் காரணமன்று, அரசியலே முதற்காரணம். எனினும் மறுக்க விரும்பியவர் கைக்கு எழுத்துப்பிழை எளிய கருவியாயிற்று. எஞ்சியோரின் நிலை 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையையும், 1974-இன் உடன்படிக்கையையும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்துதான் தீர்ந்தது.

இனி மின்னஞ்சலுக்கு வரலாம். அதன் போக்குவரத்து விதிகளை ஜோன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 ஆகஸ்டில் வகுத்து வெளியிட்டார். அவ்விதிப்படி கடிதத்தில் செல்லத்தக்க குறிகள் 128 மட்டுமே: ஆங்கில எழுத்துகள், எண்கள், சில நிறுத்தக்குறிகள், கட்டளைக் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் ஏழு இருமத் துணுக்குகள், எட்டாவதற்கு இடமில்லை. படமும் இசையும் எட்டுத் துணுக்குகளால் ஆனவை. அவற்றை அப்படியே அனுப்பினால் வழியிலுள்ள கணினி எட்டாவதைக் கழித்துவிடும். கழித்தது கழித்ததே, ஈரம் பட்ட தேயிலைபோல் அது மீளாது.

இதனைத் தவிர்க்கக் கோப்பினை அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றியனுப்பும் முறை ஒன்று 1980-இல் பேர்க்கிலி பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அது வெற்றிடக் குறியையும் எழுத்தாகப் பயன்படுத்தியது. சில வாயிற்கணினிகள் வரியின் இறுதியிலுள்ள வெற்றிடத்தைத் தேவையற்றதென்று கருதித் துடைத்தன. நல்லெண்ணத்தோடு துடைத்த அக்கையால் கோப்பு பாழாயிற்று.

1992 ஜூன் மாதத்தில் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வெளியிட்ட ‘மைம்’ எனும் முறையே இன்றுவரை நிலைத்திருப்பது. அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள் போரன்ஸ்டைன் தம்முடைய பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்தனுப்பிக் காட்டினார். இம்முறை இரு கேடுகளுக்கும் தனித்தனியே காப்புத் தேடியது. உள்ளடக்கத்தைக் காக்க, மூன்று எண்மங்களை நான்கு எழுத்துகளாக மாற்றும் குறியீடு அமைந்தது. அதற்கென்று தேர்ந்த 64 எழுத்துகளும் எந்த வாயிலிலும் உருமாறாதவை. இதனால் கோப்பின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடும். சரியான அளவில் அனுப்பிய கோப்பு அளவு மிஞ்சியதென்று சிலவேளை திரும்பிவருவது இதனாலேயே. மேல்விலாசத்தைக் காக்க, ஒவ்வோர் இணைப்பின் தலைப்பிலும் அது எழுத்தா, படமா, ஒலியா, எந்தச் செயலிக்கு உரியது என்று எழுதும் வழக்கம் வந்தது.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1990-களின் தொடக்கத்தில் கல்வியாளர்க்கிடையே மின்னஞ்சல் ஓடியது. 1995-இல் இணையம் பொதுமக்களுக்கும் வந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு உடனே இடர் தோன்றிற்று. அந்நாளில் தமிழுக்கென்று ஒரே குறியீடு இல்லை. இலங்கையில் பரவிய ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. ‘தமிழ்’ என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தோன்றும். இங்கே எந்தத் துணுக்கும் தொலையவில்லை. “இது பாமினி” என்ற மேற்சீட்டு மட்டும் உடன் வரவில்லை. இதற்கு மாறாக, உலகத் தமிழர் இணையத்திலே கலந்துபேசி அமைத்த ‘திஸ்கி’ குறியீடும், 1999-இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘தாப்’ குறியீடும் ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டுத் தமிழை 128-க்கு மேற்பட்ட இடங்களில் வைத்தன. நெறிப்படி அதுவே சிறந்தது. ஆனால் எட்டாம் துணுக்கைக் கழிக்கும் பழைய கணினி வழியிற் குறுக்கிட்டால், தமிழ் உண்மையாகவே அழியும். நெறியில் தாழ்ந்தது பிழைத்ததும், உயர்ந்தது மாண்டதும் விந்தைதான்.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகர்களின் தொலைத்தொடர்புக் கடைகளிலிருந்து விண்ணப்பம் அனுப்பும் தோட்டத்து இளைஞருக்கு இது விந்தையாக இராது. தபாலில் வரும் நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் தங்கி, நாள் கடந்து கைக்கு வருவது பல தோட்டங்களில் இன்னும் தீராத குறை. அதற்கு மாற்றாக மின்னஞ்சலை நம்புபவரின் சான்றிதழும் திறவாமற் போனால், மறுமுனையிலுள்ள அலுவலர் இரண்டாம் முறை கேட்பதரிது.

ஆகவே பிழையை எங்கே தேடுவதென்று அறிவது பயனுடையது. முதலில் அனுப்பிய கோப்பின் அளவையும் பெற்ற கோப்பின் அளவையும் ஒப்பிடவேண்டும். குறைந்திருந்தால் வழியில் வெட்டுப்பட்டது. மறுபடி அனுப்புவதைத் தவிர வழியில்லை. அளவு ஒத்திருந்தால் பெரும்பாலும் மேற்சீட்டின் பிழையே. தமிழில் நீண்ட பெயரிட்ட கோப்பு, அந்தப் பெயரைக் குறிக்கும் விதியில் இரு அஞ்சற் செயலிகள் வேறுபடுவதால், பொருளற்ற குறிகளாகவோ பெயரின் இறுதி அறுந்தோ வரலாம். இறுதியிலுள்ள ‘பி.டி.எஃப்’ என்ற மூன்றெழுத்து அறுந்தால், எதைக்கொண்டு திறப்பதென்று கணினி திகைக்கும். அம்மூன்றெழுத்தைத் திரும்பச் சேர்த்தாலே கோப்பு திறந்துவிடுவதுண்டு. வகை அறியாத அனுப்புநரின் செயலி ‘எண்மத் தொடர்’ என்ற பொதுச்சீட்டை ஒட்டிவிடும். பெட்டியில் “சரக்கு” என்று மட்டும் எழுதியதற்கு அது ஒப்பாகும். ‘வின்மெயில்’ என்னும் பெயரோடு வரும் கோப்போ அவுட்லுக் செயலி தன் தனிமுறையில் கட்டிய மூட்டை. பிற செயலிகள் பல அதனை அவிழ்க்க அறியா. அனுப்புநர் தம் கடித வடிவத்தைச் சாதாரண எழுத்துக்கு மாற்றி மீண்டும் அனுப்பினால் தீரும்.

சீட்டு முற்றும் தொலைந்தாலும் சரக்கைச் சுவைத்து அறியலாம். கோப்பின் முதல் எழுத்துகளே அதன் இனத்தைக் கூறுகின்றன. பி.டி.எஃப் கோப்பு விழுக்காட்டுக் குறியையும் தன் பெயரையும் எழுதித் தொடங்கும். சுருக்கிக் கட்டிய கோப்பு, அம்முறையைப் படைத்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகளான பி, கே என்பவற்றோடு தொடங்கும். இக்கால வேர்ட் ஆவணமும் உள்ளே அத்தகைய கட்டாதலின் அவ்வாறே தொடங்கும். 1996-இல் தரம் பெற்ற ‘பி.என்.ஜி’ படவடிவத்தை அமைத்தவர்கள் இன்னும் ஒரு படி முன்சென்றனர். அதன் முதல் எண்மம் வேண்டுமென்றே 127-க்கு மேற்பட்டது. எட்டாம் துணுக்கு கழிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்துவரும் வரிமுடிவுக் குறிகள், வழியில் யாரேனும் வரிகளைத் ‘திருத்தி’யிருந்தால் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

தமிழுக்கு ஒருங்குறியில் 1991-இலேயே தனியிடம் கிடைத்தது. எனினும் விண்டோஸ் 2000 போன்ற இயக்க முறைமைகள் வந்த பின்னரே அது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. ஒருங்குறியில் எழுதிய கடிதத்துக்கு எழுத்துருவின் பெயர் தேவையில்லை; தமிழ் எங்கும் தமிழாகவே தோன்றும். ஆயினும் பாமினியில் தட்டிய பழைய சுற்றறிக்கைகளும், மலர்களும், கோயில் அழைப்புகளும் இன்றும் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகள் உள்ளன. அவை முதலில் கேட்பது, மூலம் எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதையே. அனுப்பியவர் அதனைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவைத்தால் பெறுபவர் தேடவேண்டியதில்லை. எழுதாதவிடத்து, ஜே, கே, பி, ஓ என்று தொடங்கும் வரியைக் கண்டதும் இது பாமினியென்று கண்ணாலேயே அறிந்துகொள்பவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.