வழக்கறிஞர் வாய் திறந்தால் வழக்கு!

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி மறுகரையில் இறங்கினால், நடக்கும் தூரத்திலேயே பினாங்கு உயர்நீதிமன்றம் இருக்கிறது. நிலத் தகராறு, விபத்து இழப்பீடு, விவாகரத்து என ஏதோ ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியவர்கள் இந்தக் கரையில் ஏராளம். ஏறும்போது அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். நம் வழக்கை விசாரிக்கப்போகும் நீதிபதியை எதிர்த்தரப்பு தேர்ந்தெடுக்கவில்லை என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? அதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் வெளிப்படையாகப் பேசினால் அவருக்கு என்ன ஆகும்? மலேசியாவின் மிகப் பழைய வழக்கறிஞர் நிறுவனங்களில் ஒன்றான 'ஷூக் லின் அண்ட் போக்' நிறுவனத்தின் பங்காளி ஒருவரின் கதை இதற்குப் பதில் சொல்லும். அவர் பெயர் டத்தோ பரம் குமாரசாமி.

பினாங்கில் தொடங்கிய மரபு

நம் நாட்டு நீதித்துறையின் பிறந்த வீடு பினாங்குதான். 1807இல் வழங்கப்பட்ட அரச சாசனத்தின்படி 1808இல் இங்கே நீதிமன்றம் திறக்கப்பட்டது. முதல் நீதிபதி சர் எட்மண்ட் ஸ்டான்லி.

அந்த நீதிமன்றத்தின் அருகே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு எழுப்பப்பட்டது அது. ஐரோப்பியர் அல்லாதவர்களின் சட்ட உரிமைகளுக்காக வாதாடியவர் அவர். 1869இல் இறந்தார். ஆளுநர்களுக்குச் சிலை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஒரு வழக்கறிஞருக்கு ஊரார் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள் என்றால் என்ன பொருள்? வழக்கறிஞரின் வேலை கட்சிக்காரருக்கு வாதாடுவதோடு முடிவதில்லை என்று அன்றே மக்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

தனிமனிதர் போய் நிறுவனம் வந்தது

லோகன் காலத்து வழக்கறிஞர் தனிமனிதர். இருபதாம் நூற்றாண்டில் ரப்பரும் ஈயமும் வங்கிகளும் வளர்ந்தபோது வழக்கறிஞர் தொழிலும் நிறுவனமாக வளர்ந்தது. 1918இல் கோலாலம்பூரில் யோங் ஷூக் லின் தொழில் தொடங்கினார். பின்னர் டான் தியோ போக் பங்காளியானார். இருவர் பெயரும் சேர்ந்ததே ஷூக் லின் அண்ட் போக். 1949இல் மலாயாச் சீனர் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் யோங் ஷூக் லின்னும் ஒருவர். அவருடைய மகன் யோங் புங் ஹாவ் அதே நிறுவனத்தில் பணியாற்றி, பிற்காலத்தில் 1990 முதல் 2006 வரை சிங்கப்பூரின் தலைமை நீதிபதியாக இருந்தார்.

இத்தகைய நிறுவனங்களின் கட்சிக்காரர்கள் யார்? வங்கிகள், பங்குச்சந்தை நிறுவனங்கள், பெரும் முதலாளிகள். கடன் பத்திரம், பங்கு விற்பனை, நிறுவன இணைப்பு இவற்றில்தான் வருமானம். பங்காளிகள் இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது போலவே பொறுப்பையும் சேர்ந்தே சுமக்க வேண்டும். ஒருவர் பேசிய பேச்சு எல்லாருடைய பிழைப்பையும் பாதிக்கலாம். ஆகவே பெரிய நிறுவனத்து வழக்கறிஞருக்கு மௌனமே இலாபம்.

அந்த மௌனத்தைக் காக்காதவர்தான் பரம் குமாரசாமி.

முதல் சோதனை

துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சிம் கீ சோன் என்பவருக்கு மன்னிப்பு வழங்குமாறு அவர் 1985இல் வேண்டுகோள் விடுத்தார். ஒருவருக்கு மன்னிப்பு, இன்னொருவருக்குத் தூக்கா என்பது அவர் வாதம். அதற்காக அவர்மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. 1986இல் நீதிபதி என்.எச். சான் அவரை விடுதலை செய்தார். ஆனால் சிம் கீ சோனின் உயிர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் அவர் தூக்கிலிடப்பட்டார். பரம் குமாரசாமி அந்த ஆண்டே வழக்கறிஞர் மன்றத்தின் தலைவரானார்.

1988இல் நீதித்துறையையே உலுக்கிய நெருக்கடி வந்தது. நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்களில் இருவர் பதவியே இழந்தனர். அதன் பிறகு நீதிமன்றங்களின் சுதந்திரம் பற்றிய கேள்வி ஓயவே இல்லை.

ஆயர் மோலேக் வழக்கு

1995இல் அந்தக் கேள்வி ஒரு ரப்பர் கம்பெனி உருவில் மீண்டும் வந்தது. ஆயர் மோலேக் ரப்பர் கம்பெனியின் பங்குகளை வாங்கிய தரப்பு, அவற்றைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கோரி நீதிமன்றம் போனது. எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. மேல்முறையீட்டில் அதைக் கடுமையாகக் கண்டித்தவர் வேறு யாருமல்லர், அதே நீதிபதி என்.எச். சான்தான். தங்களுக்கு வேண்டிய நீதிபதியை வழக்காடுபவர்களே தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிடும் என்று அவர் தீர்ப்பில் எச்சரித்தார். பின்னர் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அந்தக் கண்டன வரிகளையும் நீக்கச் சொன்னது.

தீர்ப்பிலிருந்து வரியை நீக்கலாம். மக்கள் மனத்திலிருந்து நீக்க முடியுமா?

ஒரு பேட்டி, பல கோடி வெள்ளி

1995 நவம்பரில் லண்டன் சட்டப் பத்திரிகை ஒன்று மலேசிய நீதித்துறை பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதில் பேசியவர்களில் பரம் குமாரசாமியும் ஒருவர். 1994 முதல் அவர், நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்தைக் கண்காணிக்கும் ஐநா சிறப்பு அறிக்கையாளராகவும் இருந்தார். அந்தத் தகுதியிலேயே பேட்டி கொடுத்தார்.

1996 டிசம்பரில் முதல் வழக்கு விழுந்தது. இரண்டு நிறுவனங்கள் தலா 3 கோடி வெள்ளி இழப்பீடு கேட்டன. அடுத்த ஆண்டு மேலும் மூன்று வழக்குகள். ஒன்றில் 10 கோடி வெள்ளி, இன்னொன்றில் 6 கோடி வெள்ளி. ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை!

வழக்குப் போட்டவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. எங்கள் பெயர் கெட்டுவிட்டது, ஐநா பதவி இருந்தால் யாரையும் எதுவும் சொல்லலாமா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பெயரைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமைக்குக் கோடிக்கணக்கில் விலை வைத்தால், அது பெயரைக் காப்பதற்கா, வாயை அடைப்பதற்கா என்ற எதிர்க்கேள்வியும் எழாமல் போகாது.

அவர் ஐநா பணியில்தான் பேசினார், அவருக்கு விலக்குரிமை உண்டு என்று ஐநா பொதுச் செயலாளர் கோபி அன்னான் தெரிவித்தார். 1997 ஜூனில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. விவகாரம் நெதர்லாந்திலுள்ள ஹேக் நகருக்கு, அனைத்துலக நீதிமன்றத்திற்குப் போனது. 1999 ஏப்ரல் 29இல் அது தன் கருத்தைச் சொன்னது. பரம் குமாரசாமிக்கு விலக்குரிமை உண்டு என்று 15 நீதிபதிகளில் 14 பேர் கூறினர். பொதுச் செயலாளரின் முடிவை மலேசிய அரசாங்கம் தன் நீதிமன்றங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்றும் பெரும்பான்மையினர் கூறினர். 2000இல் உயர்நீதிமன்றம் விலக்குரிமையை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

விலக்குரிமை இல்லாதவர் கதி?

பரம் குமாரசாமிக்கு ஐநா இருந்தது. மற்றவர்களுக்கு? அதே கட்டுரையில் பேசியவர் டோமி தோமஸ். 1963இல் தொடங்கிய 'ஸ்க்ரைன்' என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தின் பங்காளி. அவர்மீதும் அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டன. காப்புறுதி நிறுவனம் சமரசம் செய்து மன்னிப்பும் கேட்டது. தமக்கு அதில் உடன்பாடில்லை என்று அவர் வெளியே சொன்னார். அதுவே நீதிமன்ற அவமதிப்பாகி, 1998 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டில்தான் அந்தச் சிறைவாசம் விலகியது.

பினாங்கு வழக்கறிஞருக்கும் இது நடந்தது. ஜெலுத்தோங் புலி என்று அழைக்கப்பட்ட கர்ப்பால் சிங் 1970இல் இங்கேதான் தம் அலுவலகத்தைத் திறந்தார். அன்வார் இப்ராஹிம் வழக்கில் நீதிமன்றத்திற்கு உள்ளேயே பேசிய பேச்சுக்காக 2000 ஜனவரியில் அவர்மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. 2002இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. கட்சிக்காரருக்காக வாதாடும் இடத்திலேயே வழக்கறிஞருக்குப் பாதுகாப்பில்லை என்றால், கட்சிக்காரரின் கதி என்ன?

காலம் சொன்ன தீர்ப்பு

2007 செப்டம்பரில் ஒரு காணொளி வெளிவந்தது. நீதிபதிகளின் நியமனம் குறித்து வழக்கறிஞர் வி.கே. லிங்கம் தொலைபேசியில் பேசும் காட்சி. ஆயர் மோலேக் வழக்கில் பங்குகளை வாங்கிய தரப்புக்காக ஆஜரானவரும் அவரே. அதே மாதம் 26ஆம் தேதி புத்ராஜெயாவில் ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்கள் ஊர்வலம் போனார்கள். 2007 டிசம்பரில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2009இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்தது. 2015இல் லிங்கம் வழக்கறிஞர் தொழிலிலிருந்தே நீக்கப்பட்டார். சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட டோமி தோமஸ் 2018இல் நாட்டின் சட்டத்துறைத் தலைவரானார். பரம் குமாரசாமி 2021 டிசம்பரில் காலமானார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கறிஞர்கள் எழுப்பிய கேள்விக்கு அவதூறு வழக்குதான் முதல் பதிலாக வந்தது. அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால், ஊர்வலமும் ஆணையமும் தேவைப்பட்டிருக்குமா?

பெரிய நிறுவனங்களின் வரலாறு என்றால், எத்தனை பங்காளிகள், எத்தனை கிளைகள், எத்தனை கோடி வழக்குகள் என்றுதான் எழுதுவார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கு. கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெர்ரி ஏறும் சாமானியனுக்கு வேண்டிய கணக்கு வேறு. பேச வேண்டிய நேரத்தில் அந்த நிறுவனங்களிலிருந்து எத்தனை பேர் பேசினார்கள் என்பதே அது.