இலச்சினையும் எண்ணமும்

திருகோணமலைக் கோட்டை வாசலின் கற்களில் இரண்டு கயல்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார் யாவரும் இன்றும் அவ்வாசலினூடாகவே செல்கின்றனர். ஆயினும் அக்கயல்களை நின்று நோக்குவோர் சிலரே. புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டொன்று அவற்றின் பொருளை உணர்த்துகின்றது. சடையவர்மன் வீரபாண்டியன் 1260களில் ஈழத்தின்மேற் படையெடுத்துச் சாவக மன்னனைப் பணியச் செய்து, கோணமலையிலும் திரிகூடகிரியிலும் இணைக்கயல் இலச்சினையைப் பொறித்தான் என்பது அக்கல்வெட்டுக் கூறும் செய்தி. வாசலிற் காணும் கயல்கள் அப்பாண்டியனுடையனவே என்று கொள்ளும் அறிஞர் பலர். 1624ஆம் ஆண்டளவிற் போத்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர் என்பதை நோக்கும்போது, கோயிற் கல் கோட்டைக் கல்லாக மாறியதில் வியப்பில்லை.

பாண்டியன் வந்தான், வென்றான், மதுரைக்கு மீண்டான். அவன் விட்டுச் சென்றவை இரண்டு மீன்கள். ஆனால், துறைமுகத்திற் கலம் நிறுத்திய ஒவ்வொரு வணிகனும் அம்மீன்களைக் கண்டு, 'இங்கே செல்லுவது பாண்டியன் ஆணை' என்று அறிந்துகொண்டான். மன்னன் இல்லாத இடத்தில் மன்னனுடைய எண்ணம் நிற்கின்றது. வாய் திறவாமற் பேசுகின்றது. அரசியலில் இதனை இலச்சினை என்கிறோம். இதே வேலையை ஒரு செப்புத் தகடு செய்யும்போது அதற்கு மாந்திரிகம் என்று பெயரிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதினும் குறைவு என்பதை உலக வரலாறு காட்டுகின்றது.

சீன நாட்டை எடுத்துக்கொள்வோம். தாவோ நெறியினர் மஞ்சட் காகிதத்திற் சாதிலிங்கச் செம்மையால் எழுதும் மந்திரச் சீட்டுக்கு 'ஃபூ' என்று பெயர். இச்சொல்லின் பழம்பொருள் மந்திரம் அன்று. இரண்டாகப் பிளந்த அடையாளத் துண்டு என்பதே. பண்டைச் சீனத்தில் வெண்கலத்தாற் புலியுருவம் ஒன்று வார்த்து, அதனை நீளவாக்கிற் பிளந்து, ஒரு பாதியை மன்னன் வைத்துக்கொண்டு மறு பாதியைத் தானைத் தலைவனிடம் கொடுப்பான். மன்னனிடமிருந்து வந்த பாதி தலைவனிடமுள்ள பாதியோடு பொருந்தினாலன்றிப் படை நகராது. கி. மு. 257இல் வெய் நாட்டு இளங்கோமகன் ஒருவன் முற்றுகையில் வாடிய அயல்நாட்டைக் காக்க விரும்பினான், அரசன் இசையவில்லை. அரசனுடைய புலிப்பாதியைக் களவாக எடுத்துக்கொண்டு எல்லைக்கு விரைந்தான். பாதிகள் பொருந்தின. ஆயினும் முதிய தானைத் தலைவன் ஐயுற்றான். அவனை அங்கேயே கொன்றுவிட்டுப் படையை நடத்திச் சென்றான் கோமகன். அடையாளம் மெய்யானது, அதன் பின்னிருந்த ஆணையோ பொய்யானது. அடையாளங்களை நம்பி வாழும் எந்தச் சமுதாயத்துக்கும் உள்ள இடர் இது.

கிரேக்க மொழியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. நண்பர் இருவர் பிரியுங்கால் ஒரு வில்லையை உடைத்து ஆளுக்கொரு துண்டாக வைத்துக்கொள்வர். அத்துண்டுக்குச் 'சிம்பொலோன்' என்று பெயர். குறியீடு என்பதற்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்ததே. கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே சொற்பொருளை அடைந்தன.

கி. பி. 142இல் சாங் தாவோலிங் என்பார்க்குச் சீசுவான் மலைநாட்டிற் கிடைத்ததாகக் கூறப்படும் அருள்வெளிப்பாட்டிலிருந்து தாவோ நெறி ஓர் அமைப்பாக வளர்ந்தது. அவ்வமைப்பினர் நோயாளியின் பெயரையும் பிழையையும் எழுதி மூன்று விண்ணப்பங்கள் ஆக்குவர். வானுக்குரியதை மலையுச்சியில் வைப்பர், மண்ணுக்குரியதைப் புதைப்பர், நீருக்குரியதை ஆற்றில் அமிழ்த்துவர். அரசாங்கக் கந்தோரில் மனுக் கொடுத்துப் பழகிய எவரும் இம்முறையை எளிதில் விளங்கிக்கொள்வர். மந்திரச் சீட்டின் தலைப்பில் 'ஆணை' என்ற சொல் நிற்கும். 'சட்டப்படி விரைந்து விரைந்து செய்க' என்று மந்திரம் முடியும். இம்முடிவுரை ஹான் பேரரசின் அலுவலகக் கடிதங்களிலிருந்து எடுக்கப்பட்டது. எளியவனுக்கு அரசவை வாயில் அடைத்திருந்தது; ஆகவே அவன் அரசவையின் எழுத்து முறையை எடுத்துக்கொண்டு வானுலகத்துக்கு எழுதினான். அச்சீட்டை எரித்துச் சாம்பலை நீரிற் கலந்து பருகுவதும் உண்டு. 184இல் அந்நாட்டையே உலுக்கிய மஞ்சட் தலைப்பாகைக் கிளர்ச்சியின் தலைவர் இத்தகைய நீரால் நோய் தீர்ப்பவராகவே முதலிற் புகழ்பெற்றார்.

தமிழர் வழக்கில் இந்த அலுவலக வாடை இல்லை. இங்கு எழுத்தே தெய்வம். திருமூலர் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், வயிரவச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் எனப் பல சக்கரங்களை விரித்துரைக்கின்றார். கோடும் கோணமும் வட்டமும் இதழும் இட்டு, இடையில் வித்தெழுத்தை நிறுத்துவது அவற்றின் அமைப்பு. செம்பு, வெள்ளி, பொன் என்னும் தகடுகளிற் கீறுவர். கீறினால் மட்டும் போதாது; மந்திரத்தைக் கணக்கிட்டுச் செபித்து உரு ஏற்றவேண்டும். நாற்பத்தெட்டு நாட் கொண்ட மண்டலம் அதற்கொரு வழக்கமான எல்லை. 'உரு' என்ற சொல்லை இங்கே கவனித்தல் தகும். வடிவத்துக்கும் அதுவே சொல். மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் எண்ணிக்கைக்கும் அதுவே சொல். ஒலி பலகால் அடுக்கப்பட்டு வடிவமாகின்றது என்ற எண்ணம் இச்சொல்லில் ஒளிந்திருக்கின்றது. பரீட்சைக்கு முன்னாள் மாணாக்கர் பாடத்தை உருப்போடுவதும் இவ்வழி வந்ததே. அங்கே மட்டும் வடிவம் நிலைப்பது அரிது.

நோயும் பயமும் நீங்க அரையிலும் கழுத்திலும் கட்டும் தாயத்தை ஈழத்துத் தமிழர் அச்சரக்கூடு என்பர். அட்சரம் உறையும் கூடு என்று பெயரிட்டவர் எவராயினும், அவர் செய்தியைச் சுருங்கச் சொல்லத் தெரிந்தவர். சிங்கள மக்களும் யந்திரம் என்ற சொல்லையே வழங்குகின்றனர். கதிர்காமத்துப் பெருவிழாவில் யானைமீது உலாவருவது திருவுருவம் அன்று. மூடிய பேழையிலுள்ள யந்திரமே. அதனைப் போகர் நிறுவினார் என்பது தமிழர் மரபு. அந்தப் போகரைச் சீனத்தோடு தொடர்புபடுத்துவதும் அதே மரபுதான். வரலாற்றாசிரியர் இதனைச் சான்றாகக் கொள்ளார். எனினும், சீனத்துக்கும் தமிழ் நிலத்துக்கும் இடையே கலங்கள் ஓடியது கற்பனையன்று. 1409ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்லொன்றைச் செங் ஹோ என்ற சீனக் கடற்றளபதி இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. அதன் சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியையும் போற்றுகின்றன. கடலைக் கடந்து வந்தவனுக்கு எந்தத் தெய்வத்தையும் மனங்கோண விடலாகாது என்ற எச்சரிக்கை இருந்தது போலும்.

எண்களின் பயணமோ ஐயத்துக்கு இடமில்லாதது. ஒன்பது அறைகொண்ட கட்டத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, எப்பக்கம் கூட்டினும் 15 வரச்செய்யும் சதுரத்தைச் சீனர் 'லோ சூ' என்பர். ஆமையின் முதுகிற் காணப்பட்டதாகக் கதை சொல்வர். அதன் ஒவ்வோர் எண்ணோடும் 19ஐக் கூட்டினால் 27, 20, 25 என்று தொடங்கி எப்பக்கமும் 72 வரும் சதுரம் கிடைக்கும். தமிழ் இல்லங்களிற் பூசையறையில் அரிசிமாவால் இடும் குபேரக் கோலம் இதுவே. அறபு நாட்டார் தம் எழுத்துகளுக்கு எண்மதிப்பு வைத்தவர். ஆகவே இச்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நிற்கும் 2, 4, 6, 8 என்னும் எண்களை எழுத்தாக்கி, 'புதூஹ்' என்று படித்து அதனையே காவற்சொல்லாக்கினர். செருமானிய அறிஞர் அகிரிப்பா 1533இல் முற்றாக வெளியிட்ட மறைஞான நூலில் அதே சதுரம் சனிக்கிரகத்துக்கு உரியதாக வந்து நிற்கின்றது. அவர் ஒருபடி மேலே சென்று, எண்களின்மீது கோடிழுத்துக் கிரகங்களின் முத்திரைகளை வரைந்தார். தாழ்வாரத்துக் கோலமும் இலத்தீன் நூலின் முத்திரையும் ஒரே கணக்கிற் பிறந்தவை.

மந்திரத்தின் வலிமையை வெளியார் ஒருவர் ஆராய்ந்த செய்தியும் இம்மாவட்டத்தோடு தொடர்புடையது. பாய்மரம் பழுதான கப்பலிற் கொட்டியாரக் குடாவுக்கு வந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660இற் சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூலில் கள்வனைக் கண்டுபிடிக்கத் தேங்காய்க்கு மந்திரம் ஓதும் வழக்கை விரிவாக எழுதியுள்ளார். தேங்காயிற் கோலொன்றைச் செருகி ஒருவன் பிடித்துக்கொள்ள, அது கள்வன் சென்ற வழியே இழுத்துச் செல்லுமாம். ஆனால், தேங்காய் காட்டியது என்பதற்காக எவனையும் குற்றவாளி என்று அந்நாட்டு வழக்கு ஏற்கவில்லை. உடலுக்கு உடல் ஈடாகச் சத்தியம் செய்ய ஒருவன் முன்வரவேண்டும். மந்திரத்தை நம்பியவர்களே அதன் தீர்ப்புக்கு ஒரு மனிதனைப் பிணையாகக் கேட்டனர் என்பது சிந்தித்தற்குரியது. செய்வினைத் தகடு புதைத்தான் என்று அயலானைப் பழிசுமத்திக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக்கொள்ளும் ஊர்களில் இந்தப் பிணை கேட்கப்படுவதில்லை. தகட்டினாற் கெட்டவர் உளரோ இலரோ, தகட்டைப் பற்றிய பயத்தினாற் கெட்டவர் பலர்.

மேற்கு நாடுகளில் இக்கலை பிற்காலத்திற் புதியதொரு திருப்பத்தை அடைந்தது. இலண்டன் ஓவியர் ஒஸ்டின் ஒஸ்மன் ஸ்பேர் 1913இல் வெளியிட்ட நூலில் தெய்வத்தையும் கிரகத்தையும் விலக்கிவைத்தார். விருப்பத்தை ஒரு வாக்கியமாக எழுது; அதன் எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னிப் படிக்கமுடியாத ஓர் உருவமாக்கு; அதனை மனத்திற் பதித்துப் பின்னர் மறந்துவிடு என்றார். புலியின் வலிமை வேண்டும் என்பதே அவர் காட்டும் விருப்பங்களில் ஒன்று. சீன மன்னரின் வெண்கலப் புலியை அவர் நினைத்திருக்க நியாயமில்லை. மீண்டும் வரும் எழுத்துகளைக் கழித்துவிட்டு எஞ்சியவற்றைப் பின்னும் முறையை அவர் வழிவந்தோர் பரப்பினர். எழுத்துகளைப் பின்னி உருவமாக்குவது இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியக் கும்பனியின் மூன்று முதலெழுத்துகளையும் ஒன்றாகப் பின்னிச் செப்புக்காசுகளிற் பொறித்து இலங்கைக் கரையெங்கும் வழங்கினர். படிக்கத் தெரியாதவனும் அவ்வுருவத்துக்கு அஞ்சினான்.

ஸ்பேரின் முறையில் மறத்தலே முதன்மையானது. கோயில் யந்திரத்திலோ மறைத்தலே முதன்மையானது. மூர்த்தத்தை நிறுவுமுன் பீடத்தினடியில் யந்திரத் தகட்டை வைத்து, அதன்மேல் மருந்து சாத்தி மூடிவிடுவர். பின்னர் எவர் கண்ணும் அதனைக் காணாது. மண்ணுள் மறைக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்ட கோணேசர் ஆலயத்துச் செப்புத் திருமேனிகள் 1950இற் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. 1963இற் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. வெளியே கோட்டை வாசலில் நிற்கும் கயல்கள் எல்லாரும் காணவேண்டும் என்று வெட்டப்பட்டவை; அவற்றை வெட்டுவித்த அரசு பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒழிந்தது. ஒருவரும் காணாத தகட்டின்மேலேதான் நாள்தோறும் பூசை நடக்கின்றது.

இராவணன் வெட்டுக்கு அருகே செங்குத்தான பாறையோரத்து மரத்திற் சிறு தொட்டில்கள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பிள்ளை வரம் வேண்டுவோர் கட்டியவை அவை. எழுத்தறியாத தாயும் செய்யக்கூடிய யந்திரம் இது: வித்தெழுத்து இல்லை, சதுரம் இல்லை, குருக்களின் தட்சணை இல்லை; வேண்டுவது எதுவோ அதன் வடிவமே அங்கு தொங்குகின்றது. ஆனால், ஸ்பேர் கூறிய மறதிக்கு இங்கு இடமில்லை. வேண்டுதல் பலித்தால் நேர்த்தியைக் கழிக்கப் பிள்ளையோடு மீண்டும் வரவேண்டும். வரத் தவறியவர் கனவில் தெய்வம் வந்து நேர்த்தியை நினைவூட்டிக் கேட்கும் என்பது தமிழர் நம்பிக்கை.