மயிலைப் பூம்பாவையும் பருவ வரையறையும்

குழவியின் உடல் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழர்க்குப் பழமையானது. கைக்குழந்தையின் வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழும், பேதை முதல் பேரிளம்பெண் ஈறான மகளிர் பருவங்களை உலாவும் தமக்குரிய பொருளாகக் கொண்டன. இவ்விரு மரபுகளும் ஒருங்கு வந்து பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது பெரியபுராணத்துத் திருஞானசம்பந்தர் வரலாற்றில் அமைந்த மயிலைப் பூம்பாவை நிகழ்ச்சி. பூம்பாவை ஏழாம் ஆண்டில் அரவு தீண்டி இறந்தாள் என்றும், பன்னிரண்டு ஆண்டின் வளர்ச்சியோடு குடத்தினின்றும் எழுந்தாள் என்றும் சேக்கிழார் கூறுகின்றார். இவ்விரண்டு எண்களின் பொருள் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பதிகமும் புராணமும்

கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான சம்பந்தர் பாடிய மயிலைப் பதிகம் இரண்டாம் திருமுறையில் உள்ளது. ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனக் கபாலீச்சரத்து விழாக்களை வரிசைப்படுத்தி, அவற்றைக் காணாமலே போதல் தகுமோ எனப் பூம்பாவையை அப்பதிகம் வினவுகின்றது. பாவையின் அகவை பற்றிய குறிப்பு அதில் யாண்டும் இல்லை. அரவும் குடமும் அதில் இடம்பெறவில்லை. அவற்றைக் கதையாக விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணமே. ஆதலின் ஏழு, பன்னிரண்டு என்னும் எண்கள் சம்பந்தர் காலத்து மயிலையைக் காட்டும் சான்றுகள் ஆகா. அவை சேக்கிழார் காலத்துப் பருவக் கருத்தைக் காட்டும் சான்றுகள் என்றே கொள்ளத்தகும்.

அக்காலத்தின் இலக்கியச் சூழலும் நோக்கற்பாலது. சேக்கிழாரை ஆதரித்த அநபாயன் இரண்டாம் குலோத்துங்கனே என்பர் அறிஞர் பெரும்பாலோர். அவன் மீதே ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழும் உலாவும் பாடினார். இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது அது. ஆகவே பிள்ளைப் பருவமும் மகளிர் பருவமும் புலவர் நாவில் பயின்று வழங்கிய காலத்தே சேக்கிழார் நூல் செய்தார் எனலாம்.

பிள்ளைப் பருவங்கள்

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்குப் பொது. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன இறுதி மூன்று. பெண்பாற்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன. ஒவ்வொன்றற்கும் உரிய திங்களைப் பாட்டியல் நூல்கள் ஒருபடித்தாகக் கூறவில்லை. எனினும் ஐந்தாம் திங்களிற் செங்கீரை, ஒன்பதிற் சப்பாணி, பன்னிரண்டு அல்லது பதின்மூன்றில் வருகை என்பது பலரும் தழுவிய முறை. தலை நிமிர்ந்து உடலசைத்தல், இருந்து கை கொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் என்னும் இவ்வரிசை தாய்மார் மனைக்கண் நாளும் கண்டதன் பயனே.

இதனை இக்கால ஆய்வோடு ஒப்புநோக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி இருத்தல் 3.8 முதல் 9.2 திங்களுக்குள்ளும், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 திங்களுக்குள்ளும் நிகழும் என்பது அதன் முடிபு. ஒன்பதாம் திங்களிற் சப்பாணி கொட்டும் குழவி இருக்கக் கற்ற குழவியே; வருகைப் பருவமும் நடைக்குரிய எல்லைக்குள் அடங்குகின்றது. அன்றியும், குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வர் அளவில் கையும் முழந்தாளும் ஊன்றித் தவழாமலே நடந்தனர் என்றும் அவ்வாய்வு காட்டிற்று. தவழ்தல் பத்துப் பருவத்துள் ஒன்றாக வைக்கப்படாமை இங்கு நினையத்தக்கது. ஆயினும் இதுகொண்டு பாட்டியலார் இக்கால அறிவியலை அன்றே கண்டனர் என்று கூறுதல் மிகையாகும். ஓர் எல்லையை ஒரு திங்களாகச் சுருக்கியது இலக்கண மரபு. எல்லையின் அகலத்தை அளந்தது ஆய்வு.

சேக்கிழார் இம்மரபை நன்கறிந்தவர். சம்பந்தரின் குழவிப் பருவத்தைப் பாடுங்கால் செங்கீரை, சப்பாணி, தளர்நடை, சிறுதேர், சிற்றில் அழித்தல் ஆகியவற்றை அமைத்துப் பாடுகின்றார். பத்துப் பருவத்துள் இடம்பெறாத தவழ்தலையும் உடன் சேர்க்கின்றார். பூம்பாவையின் இளமையைக் கூறுங்காலும் சிற்றிலிழைத்தல், அம்மானை முதலிய ஆடல்களைக் குறிக்கின்றார். மகப்பேறும் விளையாட்டும் படிப்படியே வளர்ந்து வரும் அந்நிலையிலே சாவு குறுக்கிடுகின்றது.

ஏழும் பன்னிரண்டும்

மகளிர் பருவத்திற்கு வழங்கும் வரையறைகளுள் பெரிதும் பயின்றது ஒன்று உண்டு. அதன்படி ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பேதை; எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை; பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. இவ்வரையறையைப் பூம்பாவை வரலாற்றின் மேல் வைத்துக் காண்க. பேதைப் பருவத்தின் இறுதியாண்டில் அவள் மறைகின்றாள். மங்கைப் பருவத்தின் முதலாண்டில் எழுகின்றாள். இடையே சிவநேசர் எலும்பும் சாம்பலும் குடத்துள் அடைத்துக் கன்னிமாடத்தில் வைத்துப் பேணிய காலம் பெதும்பைப் பருவம் முழுவதும் ஆகின்றது.

உடல் வளர்ச்சியை நோக்க, இவ்விடைக்காலம் சிறிதன்று. பெண் குழந்தைகள் விரைந்து உயரத் தொடங்குவது பெரும்பாலும் பத்தாம் ஆண்டையொட்டியே; ஆண் குழந்தைகளுக்கு இது ஏறத்தாழ ஈராண்டு பிந்தி நிகழும். சிறுமி மங்கையாக மாறும் மாற்றம் பெதும்பையிலேயே நடைபெறுகின்றது. அம்மாற்றம் முழுவதும் கண்காணாக் குடத்துள் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் அமைத்தார். இறந்த அகவையிலேயே அவளை எழுப்பியிருப்பின் உயிர் மீண்டது என்பது மட்டுமே புலப்பட்டிருக்கும். பன்னிரண்டின் வளர்ச்சியோடு எழுப்பியதனால், தந்தை இழந்த ஆண்டுகளும் மீண்டன என்பது பெறப்படுகின்றது. எழுந்த பாவையைக் குழல் முதல் அடி வரை பல பாடல்களில் வருணிப்பதும், காணப்படாத வளர்ச்சியைக் கண்முன் நிறுத்தும் நோக்கத்தோடு பொருந்துகின்றது.

இனி, ஒரு தடை எழலாம். பன்னிரண்டு என்பது மணத்திற்குரிய அகவை. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் அதுவே கூறப்பட்டது. சிவநேசர் தம் மகளைச் சம்பந்தர்க்கே உரியவள் என்று முன்னரே கூறியிருந்தார். ஆதலின் மணம் கருதியே அவ்வெண் வந்தது எனலாம் அன்றோ எனின், அதுவும் ஏற்புடைத்தே. ஆயினும் அது பன்னிரண்டிற்கு மட்டுமே விடையாகும், ஏழிற்கு விடையாகாது. இரண்டையும் ஒருங்கே விளக்குவது பருவ மரபேயாகும். சம்பந்தரோ அவளைத் தம் மகளாகக் கொண்டு மணத்தை மறுத்தார். சேக்கிழார் ஏதேனும் ஒரு பாட்டியலைக் கையில் வைத்து எண்ணினார் என்று துணிதல் வேண்டா. வழக்கில் இருந்த பகுப்பே அவருக்கும் பாட்டியலார்க்கும் பொது நிலமாக இருந்திருத்தல் கூடும்.

முடிவுரை

பிள்ளைத்தமிழ் மழலையோடு நின்றுவிடுகின்றது. உலாவோ வீதியில் நின்று தலைவனைக் காணும் மகளிரையே நமக்குக் காட்டுகின்றது. இரண்டிற்கும் இடையே, ஒரு சிறுமி வீட்டினுள் ஆண்டுதோறும் வளர்வதைப் பெற்றோர் கண்கொண்டு காணும் இலக்கியம் தமிழில் அரிது. அவ்வளர்ச்சியைக் காண இயலாது போன தந்தை ஒருவன் துயரத்தை நடுவாக வைத்தமையால், பூம்பாவை வரலாறு அவ்விடைவெளியைத் தொட்டுச் செல்கின்றது.

இன்றும் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில், எட்டாம் நாள் முற்பகலில் குளக்கரையில் இந்நிகழ்ச்சி நிகழ்த்தப்பெறுகின்றது. பிற்பகலில் அறுபத்துமூவர் உலா நடைபெறுகின்றது. விழாவைக் காண்போர் உயிர் மீண்டதை எண்ணி வியப்பர். பருவ இலக்கியம் பயில்வோர், மீண்டவள் ஐந்தாண்டு வளர்ந்திருந்தாள் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.