லக்சபான நீரும் அரசின் பணமும்

கரியமில வாயு பெருகிப் புவி வெப்பமடைகிறது என்பதும், அதனைக் குறைக்க அரசாங்கங்கள் திட்டமிட்டு நிதி ஒதுக்க வேண்டும் என்பதும் அண்மைக் காலத்துப் பேச்சு. 1992-ஆம் ஆண்டில் உருவான ஐக்கிய நாடுகளின் காலநிலை உடன்படிக்கையை இலங்கை 1993-இல் உறுதிப்படுத்தியது. ஆயினும், எண்ணெயும் நிலக்கரியும் எரிக்காமல் ஆற்று நீரைக் கொண்டே நாட்டுக்கு மின்சாரம் அளிக்கும் திட்டம் அட்டன், மஸ்கெலியா மலைகளுக்கென அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது.

வகுத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் அரசாங்கப் பொறியியலாளர். நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்த அனுபவம் அவருக்கு இருந்தது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் அபர்டீன், லக்சபான அருவிகளாக வீழ்ந்து, பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அந்த வீழ்ச்சியின் வலுவை மின்சாரமாக்கலாம் என்பதை 1918-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் கணக்கோடு எடுத்துரைத்தார். வானத்து வெப்பம் பற்றிய கவலை அன்று எவருக்கும் இல்லை. எரிபொருளுக்காகக் கடல் கடந்து செல்லும் பணத்தைப் பற்றிய கவலையே அவருக்கிருந்தது.

திட்டத்தில் குறை இருக்கவில்லை. குறை திறைசேரியில் இருந்தது. 1920-களில் தொடங்கிய வேலை பணம் போதாமல் இடையிலே நின்றது. அரசாங்க சேவையை விட்டு விலகிய விமலசுரேந்திர, 1931-இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபையுட் புகுந்து, பொறியியலாளராக இருந்து பெற முடியாததை உறுப்பினராக இருந்து கேட்டார். அப்போதும் உடனே பலன் கிட்டவில்லை. நோட்டன் பிரிட்ஜில் தேக்கிய கெஹெல்கமு ஓயாவின் நீரைச் சுரங்கத்தின் வழியும் குழாயின் வழியும் இறக்கி, மஸ்கெலியா ஓயாவின் கரையிலே 25 மெகாவாட் திறனுள்ள லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இலேதான். கணக்கு எழுதியதற்கும் விளக்கு எரிந்ததற்கும் இடையே 32 ஆண்டுகள்! அதனைக் கண்ணாற் கண்டபின், 1953-இல் அவர் மறைந்தார்.

ஒருமுறை பலன் கண்டதும் பணம் வரத் தயங்கவில்லை. 1954-இல் உலக வங்கி இலங்கைக்கு வழங்கிய முதற் கடனே இத்திட்டத்தின் விரிவுக்காகத்தான். அது 1 கோடியே 91 இலட்சம் டாலர். 1965-இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் 50 மெகாவாட் நிலையம் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி எழுந்தது. 1960-களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் நிறைந்தது.

நிறைந்த அந்நீரின் அடியில் தேயிலை மலைகள் இருந்தன. பழைய மஸ்கெலியாப் பட்டினமும், அதன் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் அதன் கீழே சென்றன. மின்கம்பிகளோ தோட்டங்களின் தலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கி ஓடின. கம்பிக்குக் கீழேயிருந்த லயன் காம்பராக்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. திட்டத்திற்குப் பணம் ஒதுக்கியோரின் ஏட்டில் லயத்துக்கு இடம் இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தோட்டங்களுக்கென்று சொந்த நீர்விசையும் முன்னர் இருந்தது. ஓடை நீரில் சுழலி இயக்கித் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்திய துரைமார், அரசாங்க மின்சாரம் வந்தபின் பலவிடங்களில் அதனைக் கைவிட்டனர். உலக வங்கியும் உலகச் சுற்றாடல் வசதி நிதியமும் 1997-இல் தொடங்கிய எரிசக்தித் திட்டத்தில் அத்தகைய சிறு நிலையங்கள் சில உயிர் பெற்றன. அந்நிதியத்தின் பணம் வாயு வெளியேற்றத்தைக் குறைத்தல் என்னும் நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்லியே வந்தது. விமலசுரேந்திர எழுதாத காரணம் இது ஒன்றே.

இதற்கிடையே தேவை நீரை விஞ்சிவிட்டது. 1996-இன் வறட்சியில் நாடு பல மணி நேரம் இருளில் இருந்தது. 2011-இல் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் இயங்கத் தொடங்கியது. 2021-இல் அரசாங்கம் சமர்ப்பித்த காலநிலை உறுதிமொழி, 2030-க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாகக் கூறுகிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் மவுசாக்கலை வற்ற, பழைய மஸ்கெலியாவின் கோயில் நீருக்கு வெளியே தெரிகிறது. மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். அதே நாட்களில் எண்ணெயும் நிலக்கரியும் அதிகமாக எரிகின்றன.